கேட் (CAD, கணினியில் வரையும்) ஃபைல் கைமாறும்போது அளவு மாறாமல் இருக்க: ஓசூர் பட்டறைகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

டிப்ளமோவோ பொறியியலோ முடித்துவிட்டு தர்மபுரி, பாலக்கோடு, பர்கூர் பக்கமிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு வரையத் தெரிந்திருக்கும். ஆனால் முதல் வாரத்தில் கைக்கு வரும் வேலை பெரும்பாலும் வரைவது அல்ல. "கஸ்டமர் ஒரு ஃபைல் அனுப்பியிருக்காங்க, திறந்து பாத்து லேசருக்கு அனுப்பிடு" என்பதுதான். கஸ்டமர் கட்டியா என்ற மென்பொருளில் வடிவமைத்திருப்பார். உங்கள் அலுவலகத்தில் இருப்பது சாலிட்ஒர்க்ஸ். தகடு வெட்டிக் கொடுக்கும் வெண்டர் டிஎக்ஸ்எஃப் தவிர எதையும் வாங்கமாட்டார். ஒரு சின்ன பிராக்கெட் இரும்பாக மாறுவதற்குள் மூன்று நான்கு மென்பொருள்களைத் தாண்டிப் போகிறது. ஒவ்வொரு தாண்டலிலும் ஏதாவது ஒன்று கீழே விழுகிறது: அளவின் அலகு, மரையின் விவரம், மடிப்புக் கோடு, எழுத்து. எங்கே எது விழும் என்று தெரிந்தால் பிடித்துவிடலாம். கல்லூரிப் பாடத்தில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கிருஷ்ணகிரி கிரானைட் யூனிட்டுகளில் சேருகிறவர்களுக்கும், சர்வே டிராயிங்கோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் தனியாகச் சில பகுதிகள் உண்டு.

முதலில் கேளுங்கள், பிறகு திறங்கள்

ஃபைல் வந்ததும் உடனே இரட்டை கிளிக் செய்யத்தான் கை போகும். அதற்கு முன்னால் அனுப்பியவரிடமும், நீங்கள் யாருக்கு அனுப்பப் போகிறீர்களோ அவரிடமும் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். இந்த ஃபைலை வைத்து என்ன செய்யப் போகிறோம்: தகடு வெட்டவா, விஎம்சியில் (கணினி இயக்கும் செதுக்கு மெஷினில்) மெஷினிங்கா, 3டி பிரிண்டா, சும்மா பார்த்து விலை சொல்லவா? எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு? மில்லிமீட்டரா இன்ச்சா? இதுதான் கடைசி ரிவிஷனா?

"அண்ணா, உங்க மெஷினுக்கு எந்த டிஎக்ஸ்எஃப் வெர்ஷன் வேணும்? ஸ்பிளைன் எடுக்குமா?" என்று லேசர் ஆபரேட்டரிடம் போனில் கேட்க ஒரு நிமிடம் ஆகும். (ஸ்பிளைன் என்பது வட்டத்தில் அடங்காத, நெளிந்து ஓடும் வளைகோடு.) கேட்கத் தயங்க வேண்டாம். புதுப் பையன் விவரமாகக் கேட்கிறான் என்று அவர் சந்தோஷப்படுவாரே தவிர, எரிந்து விழமாட்டார். தவறாக வெட்டிய தகட்டை எடுத்துப்போட்டுவிட்டு மறுபடி வெட்டுவது அவருக்குத்தான் பெரிய தொல்லை.

என்ன வகை ஃபைல் இது

எக்ஸ்டென்ஷன்கள் எத்தனையோ இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கை வைத்துப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். டிடபிள்யூஜி, டிஎக்ஸ்எஃப் இரண்டும் பெரும்பாலும் தட்டையான கோடுகளுக்கு. ஸ்டெப், ஐஜிஎஸ், பாராசாலிட் ஆகியவை துல்லியமான முப்பரிமாண வடிவத்துக்கு. எஸ்டிஎல் முக்கோணங்களால் ஆன வலை. அதில் உண்மையான வட்டம் என்று எதுவும் கிடையாது. இவை தவிர ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதன் சொந்த ஃபைல் உண்டு. சொந்த ஃபைலில்தான் ஸ்கெட்ச், எக்ஸ்ட்ரூட், ஃபில்லட் என்று வரைந்த வரலாறு முழுவதும் இருக்கும். ஸ்டெப்பாக மாற்றியதும் வரலாறு போய்விடும், வடிவம் மட்டும் நிற்கும். அப்படி வந்த மாடலை 'டம்ப் சாலிட்' என்பார்கள். ஓட்டையைப் பெரிதாக்க பழைய ஸ்கெட்ச்சைத் தேடாதீர்கள்; முகத்தை நேரடியாக நகர்த்தும் கட்டளைகளைப் பழகிக்கொள்ளுங்கள்.

சாலிட்ஒர்க்ஸ், என்எக்ஸ், சாலிட் எட்ஜ் மூன்றும் அடியில் பாராசாலிட் என்ற ஒரே வடிவக் கணக்கு இயந்திரத்தை வைத்து ஓடுகின்றன. அதனால் இந்த மூன்றுக்குள் ஃபைல் கைமாற வேண்டுமானால் பாராசாலிட்டின் எக்ஸ்_டி ஃபைலைக் கேளுங்கள், மொழிபெயர்ப்பே இல்லாமல் வந்து சேரும். கட்டியாவுக்கு அடியில் வேறு இயந்திரம், ஃப்ரீகேட்டுக்கு ஓப்பன் கேஸ்கேட். அவற்றோடு பழகும்போது ஸ்டெப்தான் நல்லது.

ஐஜிஎஸ் 1980இல் வந்த பழைய வடிவம், 1996க்குப் பிறகு புதுப் பதிப்பே இல்லை. அது பெரும்பாலும் மேற்பரப்புகளைத் தனித்தனித் துண்டுகளாகக் கொண்டுவரும். துண்டுகளுக்கு நடுவில் முடி அளவு இடைவெளி இருக்கும், தைத்து ஒட்ட வேண்டியிருக்கும். டை, மோல்டு வேலைகளில் இன்னும் புழங்குகிறது. அனுப்பியவரால் ஸ்டெப் தர முடியும் என்றால் ஸ்டெப்பே கேளுங்கள் என்பதுதான் என் கருத்து.

டிடபிள்யூஜி திறக்கவில்லை என்றால்

"இந்த ஃபைல் புதிய பதிப்பில் சேமிக்கப்பட்டது" என்ற செய்தியைப் பார்த்துப் பதற வேண்டாம். டிடபிள்யூஜி ஃபைலை நோட்பேடில் திறங்கள். உள்ளே எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். ஆனால் முதல் ஆறு எழுத்து மட்டும் படிக்கும்படி இருக்கும். ஏசி1032 என்றால் 2018 வடிவம், ஏசி1027 என்றால் 2013, ஏசி1024 என்றால் 2010, ஏசி1021 என்றால் 2007, ஏசி1018 என்றால் 2004, ஏசி1015 என்றால் 2000. எதையும் சேமிக்காமல் நோட்பேடை மூடிவிடுங்கள், சேமித்தால் ஃபைல் கெட்டுவிடும்.

உங்கள் ஆட்டோகேட் 2014 என்றால் அது 2013 வடிவம் வரை திறக்கும், 2018 வடிவத்தைத் திறக்காது. வழி இரண்டு. அனுப்பியவரைப் பழைய வடிவத்தில் சேமித்து அனுப்பச் சொல்லலாம். அல்லது ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தரும் டிடபிள்யூஜி ட்ரூவியூவை நிறுவி, அதிலிருக்கும் மாற்றும் வசதியைப் பயன்படுத்தலாம். ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர் என்பதும் இலவசம்தான்; ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே தடவையில் மாற்றிவிடும். லிப்ரேகேட், ஃப்ரீகேட் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும். டிடபிள்யூஜியை இதில் டிஎக்ஸ்எஃப் ஆக்கிக்கொண்டு திறந்தால் தகராறு குறைவு.

ஆன்லைனில் ஃபைலை ஏற்றினால் மாற்றித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. கம்பெனி டிராயிங்கை அவற்றில் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஓசூரில் பல பட்டறைகள் வாகனக் கம்பெனிகளுக்கு வேலை செய்கின்றன. டிராயிங் வெளியே போகாது என்று முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். நீங்கள் அவசரத்துக்கு ஏற்றிய ஃபைல் யாருடைய சர்வரில் கிடக்கிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அலகு: எல்லாத் தகராறுக்கும் தாய்

ஒரு விஷயத்தை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் 25.4 என்ற எண்ணை வையுங்கள். 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பக்கம் 3.937 என்று காட்டினால், மில்லிமீட்டர் டிராயிங் இன்ச்சாக மாறி வந்திருக்கிறது. 2540 என்று காட்டினால், 100 இன்ச் என்று நினைத்து மென்பொருள் அதை மில்லிமீட்டராகப் பெருக்கியிருக்கிறது. இரண்டையும் பார்த்தவுடன் அடையாளம் காணப் பழகுங்கள்.

டிஎக்ஸ்எஃப் எழுத்து வடிவ ஃபைல் என்பதால் இதையும் நோட்பேடில் பார்க்கலாம். டாலர் குறியோடு தொடங்கும் இன்ஸ்யூனிட்ஸ் ($INSUNITS) என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்கு அடுத்த வரியில் 70 என்று இருக்கும், அதற்கும் அடுத்த வரியில் ஒரு எண். 1 என்றால் இன்ச், 4 என்றால் மில்லிமீட்டர், 5 சென்டிமீட்டர், 6 மீட்டர். 0 என்றால் வரைந்தவர் அலகையே குறிப்பிடவில்லை. பழைய ஆர்12 வடிவத்தில் இந்த வரியே இருக்காது. அப்போது ஒரே வழி, தெரிந்த ஓர் அளவை அளந்து பார்ப்பதுதான்.

ஸ்டெப் ஃபைலுக்குள் அலகு எழுதியே இருக்கும், அங்கே பயம் குறைவு. எஸ்டிஎல்லில் அலகு கிடையாது. வெறும் எண் மட்டும். திறக்கும்போது மென்பொருள் கேட்கும் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் அலகு.

முப்பரிமாண மாடல் என்றால் எடையை வைத்தும் சோதிக்கலாம். இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 100 க்கு 50 க்கு 10 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டின் கன அளவு 50 கன சென்டிமீட்டர். இரும்பின் அடர்த்தி 7.85 என்று வைத்தால் எடை ஏறக்குறைய 392 கிராம். அனுப்பியவரிடம் அவர் மென்பொருள் காட்டும் எடையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பக்கம் அதே எடை வந்தால் அலகும் சரி, வடிவமும் முழுசாக வந்திருக்கிறது. அலகு மாறியிருந்தால் கன அளவு பதினாறாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசப்படும், கண்ணில் படாமல் போகாது. வித்தியாசம் சின்னதாக இருந்தால் ஏதோ ஒரு முகம் கழன்றிருக்கலாம், அல்லது உள்ளே ஒரு ஓட்டை அடைபட்டிருக்கலாம்.

லேசர் வெட்டுக்கு டிஎக்ஸ்எஃப் அனுப்புவது

ஓசூரில் புதியவர்கள் அதிகமாகச் செய்யப்போகும் வேலை இது, அதனால் மெதுவாகப் பார்ப்போம்.

லேசர் மெஷினுக்கு உங்கள் டைட்டில் பிளாக், டைமென்ஷன், சென்டர் லைன், ஹேட்ச் எதுவும் வேண்டாம். வெட்ட வேண்டிய கோடு மட்டும் போதும். ஆட்டோகேட்டில் வெட்டுக்கோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து டபிள்யூபிளாக் கட்டளையால் தனி ஃபைலாக எடுங்கள். எடுப்பது மாடல் ஸ்பேசிலிருந்து, 1:1 அளவில். சாலிட்ஒர்க்ஸ் டிராயிங் ஷீட்டிலிருந்து டிஎக்ஸ்எஃப் எடுக்கிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: ஷீட்டில் வியூ 1:2 என்று இருந்தால், 1:1 ஆக எழுதச் சொல்லும் அமைப்பை இயக்காதவரை பார்ட் பாதி அளவில் போகும். ஷீட் மெட்டல் பார்ட் என்றால் டிராயிங் பக்கம் போகவே வேண்டாம். பார்ட்டில் ஃப்ளாட் பேட்டர்னின் (மடிப்பை விரித்த தட்டை வடிவத்தின்) மேல் வலது கிளிக் செய்து நேராக டிஎக்ஸ்எஃப் எடுப்பதே பத்திரம்.

ஃப்ளாட் பேட்டர்ன் எடுக்கும்போது கே-ஃபேக்டரைப் பாருங்கள்; ஒரு மடிப்புக்கு எவ்வளவு தகடு போகும் என்று கணக்கிட உதவும் எண் அது. வெளியூரிலிருந்து வந்த மாடலில் அவர்கள் பட்டறையின் கே-ஃபேக்டர் இருக்கும், உங்கள் பிரஸ் பிரேக்குக்கு (தகடு மடிக்கும் மெஷினுக்கு) அது பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 மில்லிமீட்டர் தகடு, உள் ஆரம் 2, மடிப்பு 90 பாகை. கே 0.33 என்றால் ஒரு மடிப்புக்கு 4.18 மில்லிமீட்டர் தகடு போகும், 0.44 என்றால் 4.52. ஒரு மடிப்புக்கு வித்தியாசம் ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர்தான். ஆனால் நான்கு மடிப்புள்ள பெட்டியில் அது 1.4 ஆகிவிடும், மூடி உட்காராது. பெண்டிங் செய்கிற அண்ணனிடம் அவர் வழக்கமாக வைக்கும் மதிப்பைக் கேட்டு மாடலில் போட்டுவிட்டு, அப்புறம் ஃப்ளாட் எடுங்கள்.

மடிப்புக் கோடுகள் தனி லேயரில் போகட்டும், அல்லது போகவே வேண்டாம். வெட்டுக்கோட்டோடு கலந்து போனால் மெஷின் மடிப்பிலும் வெட்டிவிடும். நல்ல ஆபரேட்டர் பார்த்துப் பிடித்துவிடுவார். ஆனால் ராத்திரி ஷிப்டில் இருப்பவர் உங்கள் ஃபைலை நம்பித்தான் பட்டனை அழுத்துகிறார்.

அடுத்து இரட்டைக் கோடு. ஒரே கோடு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை இருந்தால் திரையில் ஒன்றாகத்தான் தெரியும், லேசர் மட்டும் இரண்டு முறை வெட்டும். ஆட்டோகேட்டில் ஓவர்கில் கட்டளை இதை நீக்கும். பிறகு பெடிட் கட்டளையில் ஜாயின் கொடுத்து எல்லா எல்லைகளையும் மூடிய பாலிலைன்களாக ஆக்குங்கள். ஒரு மூலையில் நூலளவு இடைவெளி இருந்தாலும் நெஸ்டிங் மென்பொருள் (தகட்டில் பார்ட்டுகளை நெருக்கி அடுக்குவது) அதை மூடிய வடிவமாக ஏற்காது. இசட் உயரம் எல்லாப் புள்ளிகளிலும் பூஜ்ஜியமா என்றும் பாருங்கள். முப்பரிமாணத்திலிருந்து எடுத்த டிஎக்ஸ்எஃப்பில் ஒரு கோடு 2 மில்லிமீட்டர் மேலே மிதந்துகொண்டிருக்கலாம். மேலிருந்து பார்த்தால் சேர்ந்திருக்கும், ஜாயின் மட்டும் ஆகாது. காரணம் தெரியாமல் நேரம் போகிற இடம் இது.

வளைவுகளில் ஸ்பிளைன் இருந்தால் சில பழைய மெஷின் கண்ட்ரோல்கள் எடுக்காது, அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிடும். ஆர்12 டிஎக்ஸ்எஃப்பாகச் சேமித்தால் அந்த வடிவத்தில் ஸ்பிளைனும் நீள்வட்டமும் இல்லாததால் ஆட்டோகேட் அவற்றைப் பாலிலைனாக மாற்றிவிடும். ஆனால் சின்னச் சின்னக் கோடுகளாக உடைவதால் விளிம்பு பட்டைபட்டையாகத் தெரியலாம். முடிந்தவரை வரையும்போதே ஆர்க்குகளால் வரைவது மேல்.

லேசரின் வெட்டு அகலத்துக்காக நீங்கள் கோட்டைத் தள்ளி வரைய வேண்டாம். அதை மெஷின் பக்கம் கவனித்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் செய்தால் ஓட்டை கெட்டுப்போகும்.

கல்லில் தமிழ் எழுத்து

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிரானைட் அறுத்து பாலிஷ் போடும் யூனிட்டுகளில் சிஎன்சி, வாட்டர்ஜெட் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வருகிற தனிச் சிக்கல், தமிழ் எழுத்து. திறப்பு விழாக் கல்வெட்டு, வீட்டுப் பெயர்ப்பலகை, கோயில் உபயதாரர் பட்டியல் எல்லாம் இதில் அடங்கும். கல்லில் தவறாக வந்த ஓர் எழுத்தை அழிக்க முடியாது, பலகையே போய்விடும்.

முதல் சிக்கல் எழுத்துரு. இன்னும் பல இடங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த டிராயிங் வருகிறது. அந்த ஃபைலுக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை என்றால் அவை அப்படியே ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோட் தமிழ் என்றால் எழுத்துரு மாறினாலும் வாசகம் மாறாது. ஆனால் அங்கே வேறொரு சிக்கல் உண்டு: கொம்பு. 'கொடை' என்று எழுதும்போது கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும்; தமிழைச் சரியாகக் கையாளத் தெரியாத செதுக்கு மென்பொருளில் அது பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிவட்டத்தோடு தனியாகத் தெரியும்.

தீர்வு ஒன்றுதான். எழுத்தை எழுத்தாக அனுப்பாதீர்கள், கோடாக அனுப்புங்கள். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப் யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்டும். அதில் வாசகத்தை டைப் செய்து, எழுத்துரு தேர்ந்தெடுத்து, அளவு வைத்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்தால் ஒவ்வோர் எழுத்தும் வெளிக்கோடாகிவிடும். பிறகு யூனியன் கொடுங்கள். சில எழுத்துருக்களில் காலும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும், அதை விட்டால் கருவி அந்த இடத்தில் குறுக்கே ஓடும். அதற்கப்புறம் டிஎக்ஸ்எஃப் ஆர்14 ஆகச் சேமியுங்கள், அலகு மில்லிமீட்டர் என்று தேர்ந்தெடுங்கள். 2017இல் வந்த 0.92 பதிப்புக்கு முன் இங்க்ஸ்கேப் ஓர் இன்ச்சுக்கு 90 புள்ளி என்று கணக்கு வைத்தது, அதிலிருந்து 96. பழைய ஃபைலைத் திறக்கும்போது எழுத்து சற்றே சிறுத்து வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். சேமித்ததைத் திரும்பத் திறந்து எழுத்து உயரத்தை அளந்துவிடுங்கள்.

ஆட்டோகேட்டில் ஏற்கனவே எழுத்து வந்திருந்தால், எக்ஸ்பிரஸ் டூல்ஸில் இருக்கும் டெக்ஸ்ட் எக்ஸ்ப்ளோட் கட்டளை அதைக் கோடாக்கும். விளிம்பு சுத்தமாக வராது என்பதால் எனக்கு இங்க்ஸ்கேப் வழியே திருப்தி.

வாட்டர்ஜெட்டில் எழுத்தை முழுக்க வெட்டி எடுக்கிற வேலை என்றால் சுழிகளை எண்ணுங்கள். இரண்டு சுழி னகரத்திலும் மூன்று சுழி ணகரத்திலும், இகரத்திலும், மூடிய சுழிக்குள் இருக்கும் கல் பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். அங்கெல்லாம் சின்னப் பாலம் விட்டு வரைய வேண்டும். மேலாகச் செதுக்குவதற்கு இந்தக் கவலை இல்லை. கடைசியாக, கோடாக மாற்றிய வாசகத்தை அச்செடுத்து, கல்வெட்டு வைக்கிறவரிடமே படித்துப் பார்க்கச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பெயரில் ஒற்று விட்டுப்போனால் அவர்தான் கண்டுபிடிப்பார்.

ஸ்டெப் ஃபைல் வாங்கினால் பார்க்க வேண்டியவை

ஸ்டெப் என்பது ஐஎஸ்ஓ 10303 தரம், 1994இல் முதலில் வெளியானது. அதற்குள் வகைகள் உண்டு: ஏபி203, ஏபி214, ஏபி242. நிறமும் லேயரும் வேண்டுமென்றால் ஏபி214 கேளுங்கள். ஸ்டெப்பையும் நோட்பேடில் திறக்கலாம். தொடக்க வரிகளில் எந்த மென்பொருள், எந்தத் தேதி, எந்த வகை என்று எழுதியிருக்கும். ஆட்டோமோட்டிவ் டிசைன் என்று இருந்தால் ஏபி214. ரிவிஷன் தகராறு வரும்போது அந்தத் தேதி வரி உதவும்.

இறக்குமதி ஆனதும் மென்பொருளின் சோதனைக் கட்டளையை ஓட்டுங்கள். சாலிட்ஒர்க்ஸில் இம்போர்ட் டயக்னாஸ்டிக்ஸ், ஃப்ரீகேட்டில் செக் ஜியாமெட்ரி. மாடல் சாலிட்டாக வராமல் வெறும் மேற்பரப்பாக வந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மாடல் படுத்துக்கொண்டு வந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சாலிட்ஒர்க்ஸில் வழக்கமாக ஒய் அச்சு மேல்நோக்கி இருக்கும், ஆட்டோகேட்டிலும் ஃப்ரீகேட்டிலும் இசட். சுழற்றி நிமிர்த்தினால் சரி.

இப்போது சொல்லப்போவதுதான் விஎம்சி பட்டறைகளில் உண்மையாகவே பணத்தைத் தின்கிற இடம். ஸ்டெப்பில் மரை பெரும்பாலும் வராது. கஸ்டமர் எம்8 மரை போட்டிருப்பார். உங்கள் திரையில் 6.8 மில்லிமீட்டர் சாதா ஓட்டையாகத் தெரியும். எம்6 என்றால் 5, எம்10 என்றால் 8.5. இந்த எண்களில் ஓட்டை வந்தால் உடனே சந்தேகப்பட்டு டிராயிங்கைப் பாருங்கள். டாலரன்ஸும் (அளவு எவ்வளவு வரை விலகலாம் என்ற வரம்பு) அப்படியே. 20 எச்7 என்று டிராயிங்கில் இருக்கும் துளைக்கு 20.000 முதல் 20.021 வரைதான் இடம். மாடலில் அது வெறும் 20. ஏபி242இல் டாலரன்ஸையும் மாடலோடு அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் இரண்டு பக்க மென்பொருளும் அதைப் படிக்க வேண்டும். அதனால் ஸ்டெப் வாங்கும்போது கூடவே பிடிஎஃப் டிராயிங்கும் வாங்குங்கள். இரண்டின் ரிவிஷன் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் நீங்களாக முடிவெடுக்காமல் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அமெரிக்கக் கஸ்டமரின் பிடிஎஃப்பில் மூன்றாம் கோண முறையில் வியூக்கள் இருக்கும், நாம் படித்தது முதல் கோணம். டைட்டில் பிளாக்கில் இருக்கும் கூம்புக் குறியைப் பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள். பக்கத்தில் ஸ்டெப் மாடலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் இடது வலது மாறிப்போகாது.

அசெம்பிளி என்றால் கூடுதல் கவனம். சாலிட்ஒர்க்ஸ் அசெம்பிளி ஃபைலை மட்டும் அனுப்பினால் உள்ளே பார்ட்டுகள் இருக்காது, அவை இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். பேக் அண்ட் கோ கொடுத்து மொத்தமாக ஜிப் ஆக்குங்கள். ஆட்டோகேட்டில் எக்ஸ்ரெஃப் (வெளியிலிருந்து இணைத்த வேறு ஃபைல்) உள்ள டிராயிங்குக்கு இதே வேலையை ஈடிரான்ஸ்மிட் செய்யும், எழுத்துருக்களையும் சேர்த்து.

எஸ்டிஎல் பற்றிக் கொஞ்சம்

1987இல் 3டி சிஸ்டம்ஸ் கொண்டுவந்த வடிவம் இது, 3டி பிரிண்டுக்கு நல்லது. மெஷினிங்குக்கு யாராவது எஸ்டிஎல் அனுப்பினால் மரியாதையாகத் திருப்பி அனுப்பி ஸ்டெப் கேளுங்கள். பிரிண்டுக்கு நீங்கள் அனுப்பும்போது விலகல் அளவை 0.05 மில்லிமீட்டர் சுற்றி வைத்தால் வட்டம் வட்டமாகத் தெரியும். எதிரில் இருப்பவரின் மென்பொருள் 3எம்எஃப் எடுக்கும் என்றால் அதையே அனுப்புங்கள். அதில் அலகும் சேர்ந்து போகும்.

சர்வே டிராயிங் வந்தால்: 78 பாகைக் கோடு

குவாரி, மனைப்பிரிவு, சாலை வேலைகளில் டிஜிபிஎஸ், டோட்டல் ஸ்டேஷன் போன்ற நில அளவைக் கருவிகளிலிருந்து டிஎக்ஸ்எஃப் வரும். நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் இதில் உண்டு. பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையில் 43ஆம் மண்டலத்துக்கும் 44ஆம் மண்டலத்துக்கும் எல்லை கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை. அந்தக் கோடு சரியாக கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களையும் குறுக்கே வெட்டிப் போகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் எல்லாம் மேற்கே 43இல். கிருஷ்ணகிரி, தர்மபுரி, பர்கூர் கிழக்கே 44இல். ஓசூரில் எடுத்த புள்ளியின் கிழக்கு அளவு சுமார் 8 லட்சம் மீட்டர் என்று இருக்கும். கிருஷ்ணகிரியில் எடுத்ததில் சுமார் 2 லட்சம். இரண்டையும் ஒரே டிராயிங்கில் போட்டால் ஐம்பது கிலோமீட்டர் தூரத்து ஊர்கள் அறுநூறு கிலோமீட்டர் விலகி நிற்கும். டிஎக்ஸ்எஃப் கைக்கு வந்ததும் சர்வேயரிடம் எந்த மண்டலம் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒன்றாக்க வேண்டுமானால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இபிஎஸ்ஜி 32643 (43ஆம் மண்டலம்), 32644 (44ஆம் மண்டலம்) என்று அந்தந்த எண்ணைக் கொடுத்து, ஒரே மண்டலத்துக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து டிஎக்ஸ்எஃப் எடுங்கள்.

இவ்வளவு பெரிய எண்களோடு முப்பரிமாண மென்பொருளுக்குள் போனால் கோடுகள் நடுங்கும், ஹேட்ச் தள்ளிப்போகும். ஒரு மூலையை மூலப்புள்ளிக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதை டிராயிங்கிலேயே ஓரத்தில் எழுதிவிடுங்கள், திரும்பக் கொண்டுபோக அந்த எண் வேண்டும். சர்வே மீட்டரில் இருக்கும், கட்டட டிராயிங் மில்லிமீட்டரில் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். இங்கே பெருக்க வேண்டியது ஆயிரத்தால்.

அனுப்புவதற்கு முன்

டிராயிங் கனமாக இருந்தால் ஆட்டோகேட்டில் ஆடிட், பர்ஜ் இரண்டையும் ஓட்டுங்கள். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை மூடி, புதிதாக ஒரு ஜன்னலில் நீங்களே திறங்கள். முடிந்தால் வேறொரு மென்பொருளில். லேசருக்கான டிஎக்ஸ்எஃப்பை லிப்ரேகேட்டில் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம், உங்கள் ஆட்டோகேட் மறைத்துக் காட்டும் குறைகள் அங்கே வெளியே தெரியும். மொத்த நீளம், மொத்த அகலம், ஏதாவது ஒரு ஓட்டையின் விட்டம் மூன்றையும் அளந்துவிடுங்கள். அந்த மூன்று எண்களையும் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்: "மொத்த அளவு 240 க்கு 118, நடு ஓட்டை 22, அலகு மில்லிமீட்டர், தகடு 3 மில்லிமீட்டர் எம்எஸ், எண்ணிக்கை 50." (எம்எஸ் என்பது மைல்ட் ஸ்டீல்.) வாங்குகிறவர் திறந்ததும் அளந்து பார்த்து ஒத்துப்போகிறதா என்று உடனே சொல்லிவிடலாம்.

ஃபைல் பெயரில் பார்ட் எண், ரிவிஷன், பொருள், தடிமன் இருக்கட்டும். 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்' என்று பெயர் வைத்தால் அடுத்த வாரம் உங்களுக்கே எது எது என்று தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். திரையைப் படமெடுத்து அனுப்பினால் அதைப் பார்த்து யாராவது மறுபடி வரைய ஆரம்பித்துவிடுவார்கள். கஸ்டமர் அனுப்பிய மூல ஃபைலை மட்டும் தனி ஃபோல்டரில், தேதியோடு, கை வைக்காமல் வையுங்கள். மாற்றங்கள் எல்லாம் நகலில் நடக்கட்டும். இன்ஸ்பெக்ஷனில் அளவு ஒத்துவரவில்லை என்று போன் வந்தால் முதலில் திறக்க வேண்டியது அந்த ஃபோல்டரைத்தான்.